குறையில்லாத காளை

என் மகன் மாதேஸ்வரனின் தாடையில் வந்தது என்ன நோய் என்று தெரிய இரண்டரை மாதம் ஆயிற்று. வியாழக்கிழமை காலை ஓசூரில் அது தெரிந்தது. சாயங்காலத்துக்குள், தெரியாமலே இருந்திருக்கலாம் என்று ஆகிவிட்டது.

இதுவரை நடந்ததை ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன். மாசி மாதம் அவனுக்கும், தேன்கனிக்கோட்டை பக்கத்தில் நிலபுலத்தோடு இருக்கும் வெங்கடசாமியின் மகள் ரேவதிக்கும் நிச்சயம் நடந்தது. கல்யாணம் ஆனியில். பங்குனி பிறந்ததும் அவன் தாடிக்குள் இடப்பக்கம் சிவந்து தடித்தது. பிறகு சீழ் கோத்தது. பிறகு தேன்கூடு போலக் கண் கண்ணாக ஒரு கட்டி எழும்பியது.

ராயக்கோட்டை மருந்துக் கடையில் நானே ஒரு டியூப் வாங்கிக் கொடுத்தேன். பூசினால் நான்கு நாள் அடங்கும். ஐந்தாம் நாள் இரண்டு மடங்காக எழும். செல்போன் பாகங்கள் செய்கிற கம்பெனியில் அவனுக்கு வேலை. இந்த முகத்தோடு லைனில் உட்கார வேண்டாம், டாக்டர் சான்றிதழோடு வா என்று அனுப்பிவிட்டார்கள்.

ஓசூரில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளை. ஊரில் நாலு பேர் நாலு விதமாகச் சிரித்தார்கள். நானும் ஒரு நாள் அவனிடம் ஒரு தகப்பன் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டேன். அன்றிலிருந்து அவன் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டான்.

அப்படியும் டாக்டரிடம் நானே கூட்டிப் போனேன். என் வீட்டுப் பிள்ளையை நான் தனியாக அனுப்பினால் ஊர் பேசுவதை நானே ஒப்புக்கொண்டதாக ஆகும்.

பாகலூர் சாலையில் மாடியில் இருந்தது தோல் டாக்டரின் கிளினிக். கம்பெனிச் சட்டை போட்ட பிள்ளைகள் பத்துப் பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சீட்டு எழுதுகிற பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தாத்தா, தோல் நோயி உங்களுக்கா, அவருக்கா?"

"நான் அவனோட அப்பா."

"சரி சரி, கூத்கொள்ளி" என்று கன்னடத்தில் உட்காரச் சொன்னாள். மாதேசின் பக்கத்தில் இருந்தவன் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தான். மாதேசு கைக்குட்டையால் தாடையை மூடிக்கொண்டான்.

டாக்டர் வினிதாவுக்கு முப்பது வயதுதான் இருக்கும். சின்னப் பெண் என்று நினைத்தேன். ஆனால் அவர் அவசரப்படவில்லை. முதலில் டியூபைக் கேட்டு வாங்கி எழுத்தைப் படித்தார்.

"இதை யாரு குடுத்தாங்க?"

"நான்தாங்க வாங்கினன். கடைக்காரர் நல்லா கேக்கும்னு சொன்னாரு."

"இதுல ஸ்டீராய்டு இருக்கு ஐயா. மேல இருக்கற சிவப்பை மட்டும் அமுக்கும். உள்ள இருக்கறது அதுபாட்டுக்கு வளரும்."

பிறகு சிறிய இடுக்கி ஒன்றை எடுத்தார். "மாதேஸ்வரன், முடியைப் பிடுங்கப் போறேன். வலிச்சா சொல்லுங்க."

மாதேசு கண்ணை இறுக மூடினான். கொஞ்ச நேரம் கழித்து, "எப்ப பிடுங்குவீங்க டாக்டர்?" என்றான்.

"மூணு முடி எடுத்துட்டேன்."

அவர் அந்த முடிகளை வெளிச்சத்தில் காட்டினார். வேர் ஈரமாக, சோறு குழைந்தது போல இருந்தது. "சாதாரணச் சீழ்க் கட்டின்னா முடியைத் தொட்டாலே துள்ளுவாங்க. இது வேரோட சும்மா கழண்டு வருது. பூஞ்சையா இருக்கும்னு நினைக்கிறேன். பாத்துட்டுச் சொல்றேன்."

கண்ணாடித் துண்டில் முடிகளை வைத்து ஏதோ கரைசலில் ஒரு சொட்டு விட்டார். அது ஊற வேண்டுமாம். அந்த இடைவெளியில்தான் கேட்டார்.

"வீட்டுல மாடு இருக்கா ஐயா?"

"இருக்குது. ஆறு உருப்படி."

"எதுக்காவது கண்ணைச் சுத்தி, கழுத்துல, சாம்பல் அப்பின மாதிரி வட்ட வட்டமா முடி கொட்டியிருந்துச்சா?"

"எங்க மாட்டுக் கொட்டாயில அப்படியெல்லாம் கெடையாதுங்க."

நான் சொன்னது பொய். இதைப் படிப்பவர்களிடம் அதை மறைக்கப் போவதில்லை.

நிச்சயத்தன்று எங்கள் கொட்டாயிலிருந்து ஒரு காளையைப் பெண் வீட்டுக்கு ஒப்படைப்பது எங்கள் வகையறா வழக்கம். வீட்டுப் பெரியவன் கயிற்றைக் கை மாற்றி, இது குறையில்லாத காளை என்று சபையில் சொல்ல வேண்டும். என் தகப்பனார் சொன்னார். அவர் தகப்பனாரும் சொன்னார். நான் செவலையைக் கொடுப்பதாகத் தை மாதமே வாக்குக் கொடுத்திருந்தேன். எருது விடும் விழாவில் முதலாவதாக ஓடி வந்த காளை அது. அதைக் கேட்டுத்தான் வெங்கடசாமி தன் அங்காளி பங்காளி அத்தனை பேரையும் அழைத்திருந்தார்.

நிச்சயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது செவலையின் கழுத்தில் படை கண்டது. முதலில் ஒன்று. பிறகு உள்ளங்கை அகலத்தில் நான்கு. கால்நடை டாக்டரைக் கூப்பிட்டால் தனியாகக் கட்டு, ஒன்றரை மாதம் யாரும் கிட்டே போகாதே என்பார். வேறு காளையைக் கொடுத்தால், கொடுத்த வாக்கை மாற்றியவன் என்பார்கள்.

வேப்பெண்ணெயில் காவி குழைத்து நானே பூசினேன். செவலை நிறத்தோடு நிறமாக ஒட்டிக்கொண்டது. மேலே அகலமான சலங்கைப் பட்டியைக் கட்டினேன். செவலையை வேனில் ஏற்றும்போது அது மிரண்டது. மாதேசுதான் அதன் கழுத்தைக் கட்டிப் பிடித்து, கன்னத்தை அதில் அழுத்திக்கொண்டு பேசிப் பேசி ஏற்றினான். "என்னாத்துக்குப்பா இவ்ளோ எண்ணெய்?" என்று கேட்டான். "அழகுக்கு" என்றேன்.

டாக்டர் மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"நீங்களும் பாருங்க ஐயா."

ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தேன். நடுவில் கம்பு போல முடி. அதைச் சுற்றிக் கம்பங்கதிரில் மணி பிடித்த மாதிரி சின்னச் சின்ன உருண்டைகள், சங்கிலி சங்கிலியாக.

"தாடி வேர்ல பிடிக்கற பூஞ்சை. இவ்வளவு மூர்க்கமா கட்டி வச்சு வர்றது பெரும்பாலும் மாட்டுகிட்டயிருந்து வர்ற வகை. லேப்ல கல்ச்சர் வச்சு வளத்துப் பாத்தாத்தான் உறுதியா சொல்ல முடியும். அதுக்கு நாலு வாரம் ஆகும். இப்ப மறுபடியும் கேக்கறேன். மாட்டுக்கு எதுவும் இல்லையே?"

"நான்தான் சொன்னனே."

மாதேசு இரண்டு மாதத்தில் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தான்.

"முடி வருமா டாக்டர்?" என்று அவரிடம் கேட்டான்.

"நோய் போயிடும். ஆறு வாரமாவது மாத்திரை சாப்பிடணும். ஆனா இந்தக் கட்டி இருக்கற இடத்துல முடி வராது, தழும்பு நிக்கும். ஆரம்பத்துலயே வந்திருந்தா இவ்வளவு ஆகியிருக்காது." பிறகு சீட்டில் எழுதிக்கொண்டே, "இதே மாட்டைத் தொட்ட வேற யாருக்காவது வட்டமா படை இருந்தா உடனே கூட்டிட்டு வாங்க" என்றார்.

மாத்திரை வாங்கிக்கொண்டு படி இறங்கும்போது என் போன் அடித்தது. வெங்கடசாமி.

"சம்பந்தி, எங்க இருக்கீங்க?"

"ஓசூர்லதாங்க."

"பையனும் கூட இருக்கறானா? அப்ப ரெண்டு பேரும் நேரா இங்க வாங்க. ரேவதி கழுத்துல ஒண்ணு வந்திருக்குது. போன்ல பேசற விசயம் இல்ல."

மாதேசின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். மத்திகிரி தாண்டியதும் ஒரு டீக்கடை ஓரம் அவன் வண்டியை நிறுத்தினான். டீ சொல்லவில்லை.

"அப்பா, செவலைக்கு ஏதாவது இருந்துச்சா?"

"டாக்டர்கிட்ட சொன்னதுதான்."

"டாக்டர்கிட்ட சொன்னது இருக்கட்டும். எங்கிட்ட சொல்லுங்க."

"வண்டிய எடு."

"நீங்க எங்கிட்ட கேட்டீங்களே அன்னைக்கு, எவகிட்ட போயி வாங்கிட்டு வந்தன்னு. நான் அப்ப செத்துட்டன்ப்பா. இப்பவாவது சொல்லுங்க."

"நாலு பேரு பாக்கறாங்க. எடு வண்டிய."

அவன் எடுத்தான்.

வெங்கடசாமி வீட்டுக் கூடத்தில் எனக்கு நாற்காலி போட்டார்கள். மாதேசுக்குப் போடவில்லை. அவன் தூணோரம் நின்றான். தண்ணீர் வந்தது. காபி வரவில்லை. வெங்கடசாமி நேர்மையான மனிதர். யானை இறங்கி ராகியையெல்லாம் மிதித்துப் போட்ட ஆண்டுகூட யாரிடமும் குரலைத் தாழ்த்தாதவர். அன்று அவர் குரல் தாழ்ந்திருந்தது. அவர் தம்பி சிவராஜின் குரல் தாழவில்லை.

"ரேவதி, இங்க வா. காட்டு" என்றான் சிவராஜ்.

அந்தப் பெண் வந்து நின்றாள். துப்பட்டாவைக் கொஞ்சம் விலக்கினாள். காதுக்குக் கீழே, கழுத்தில், ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரு செம்படை. ஓரம் தடித்து, நடுவில் வெளுத்திருந்தது. அவள் அம்மா வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். காலையில் மகளைக் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ண வைத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

"மாப்ள கன்னத்துல இருக்கறது எங்க பொண்ணு கழுத்துக்கு நடந்தா வந்துச்சு?" என்றான் சிவராஜ். "இல்ல, கம்பெனி பஸ் ஏறி வந்துச்சா?"

"சித்தப்பா, நான் அவரு கையக்கூடத் தொட்டதில்ல" என்றாள் ரேவதி.

"நீ உள்ள போ. கேட்டப்ப சொன்னாப் போதும்."

அவள் உள்ளே போகவில்லை. கதவோரம் நின்றாள்.

மாதேசு டாக்டர் சீட்டை எடுத்து வெங்கடசாமியிடம் நீட்டினான். "மாமா, இது மாட்டுகிட்ட இருந்து வர்ற பூஞ்சையா இருக்கும்னு டாக்டர் சொல்றாங்க. நானும் செவலையைப் பிடிச்சன். ரேவதிதான் இங்க அதைப் பாத்துக்குது. ரெண்டு பேருக்கும் அதுல இருந்துதான் வந்திருக்கணும். வேற எதுவும் இல்ல."

"செவலையா?" சிவராஜ் எழுந்தான். "வா, காட்டு. எங்க இருக்குதுன்னு காட்டு."

எல்லோரும் கொட்டாய்க்குப் போனோம். செவலை தலையை ஆட்டியது. கழுத்தில், கண்ணோரம், திமிலுக்குக் கீழே, சிவராஜ் தடவித் தடவிப் பார்த்தான். எங்கும் ஒரு வடு இல்லை. முடி மழமழவென்று முளைத்திருந்தது. மாட்டுப் படை இரண்டு மூன்று மாதத்தில் தானாகவே ஆறுவதுண்டு. அது எனக்குத் தெரியும். மாதேசுக்குத் தெரியாது. அவன் காளையின் கழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"காளை மேல பழியப் போடறான் பாரு" என்றான் சிவராஜ். "வாயில்லாத ஜீவன், வந்து மறுக்கப் போவுதா?"

வெங்கடசாமி தம்பியைக் கையமர்த்தினார். என்னிடம் வந்தார். மிகவும் மெதுவாகப் பேசினார்.

"சம்பந்தி, எனக்குச் சீட்டும் வேணாம், டாக்டரும் வேணாம். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. இதை எங்கிட்ட ஒப்படைச்சப்ப இதுக்குக் குறை இருந்துச்சா? இருந்துச்சுன்னு உங்க வாயில வந்துட்டா, மாடு மேய்க்கறவங்களுக்கு வர்றதுதான்னு நான் இத்தோட விட்டுடறன். எம்பொண்ணு பேரும் தப்பிக்கும், உங்க பையன் பேரும் தப்பிக்கும்."

அவர் எனக்கு வழிதான் விட்டார். அதை நான் அப்போதே உணர்ந்தேன். இருந்தது என்று ஒரு சொல் போதும். கல்யாணம் நிற்காது. என் மகன் கைக்குட்டையை எடுத்துவிட்டு நடக்கலாம்.

வீட்டு ஆட்களும் பங்காளிகளுமாகக் கொட்டாயில் பதினைந்து பேர் இருந்தார்கள். பால் கறக்க வந்த ஆள் மாரிசாமிகூடச் செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். அத்தனை பேரும் மாசி மாதம் நான் சபையில் சொன்னதைக் கேட்டவர்கள். என் தகப்பனாரின் முகம் நினைவுக்கு வந்தது. வாய் தானாகத் திறந்தது.

"நான் குடுத்தது குறையில்லாத காளை."

மாதேசு சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"அப்ப எனக்கும் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லீங்க மாமா" என்றான்.

"ஒண்ணும் இல்லன்னா என்னா அர்த்தம்?" என்றான் சிவராஜ்.

"எங்கப்பா சொன்னதுதான் அர்த்தம்."

அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கலாம், பேசவில்லை. ஆனால் அந்தப் பதில் ரேவதியின் தலையில் விழுந்தது. அவள் அம்மா, "ஐயோ, அப்படீன்னா" என்று மட்டும் சொல்லிவிட்டு மகளைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எழுதப் போவதில்லை.

வெங்கடசாமி துண்டை உதறித் தோளில் போட்டார். "ஞாயித்துக்கெழமை தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பறன் சம்பந்தி. இனிமே சம்பந்தின்னு கூப்பிடக்கூடாது, பழக்கத்துல வந்திருச்சு" என்றார். உள்ளே போனார். மற்றவர்களும் அவர் பின்னால் போனார்கள்.

மாதேசு வாசலில் பைக்கைத் திருப்பிக்கொண்டிருந்தான். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது கொட்டாய்ப் பக்கத்திலிருந்து, "மாமா" என்று கேட்டது.

ரேவதி வைக்கோற் கட்டுக்குப் பின்னால் நின்றாள். அழவில்லை.

"வந்த மூணாம் நாளே செவலையக் குளிப்பாட்டினன் மாமா. காவி தண்ணியில ஓடுச்சு."

யாராவது கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

"கால்நடை டாக்டர்கிட்ட பக்கத்து வீட்டு மாடுன்னு சொல்லி மருந்து வாங்கினன். எங்கப்பா தோட்டத்துக்குப் போன பின்னாடி தெனமும் பூசுவன். ரெண்டு மாசம். போன்ல ஒரு போட்டோ எடுத்திருந்தன். அதையும் அழிச்சிட்டன்."

"ஏம்மா?"

"நான் வாழப் போற வீடு. அந்த வீட்டுப் பேரு கெடக்கூடாதுன்னு."

"இன்னைக்கு நீ சொல்லியிருக்கலாமேம்மா." இதைக் கேட்டதும் நான்தான். அவ்வளவு தூரம் இறங்கியிருந்தேன்.

"நான் சொன்னா அவரைக் காப்பாத்தச் சொல்றன்னு ஆவும். நீங்க சொன்னாத்தான் எடுபடும்." துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றி இழுத்துக்கொண்டாள். "நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சன் மாமா. கடைசி வரைக்கும் நெனச்சிட்டிருந்தன்."

உள்ளேயிருந்து அவள் அம்மா கூப்பிட்டாள். கூப்பிட்ட விதத்தில் பெயர் இல்லை. "ஏய்" என்றுதான் கேட்டது. ரேவதி பின்கட்டு வழியாகப் போனாள்.

நான் வாசல் தாண்டிச் சாலைக்கு வந்தேன். மாதேசு வண்டியைக் கிளப்பியிருந்தான்.

"நீங்க பஸ்ஸுல போங்கப்பா. அம்மாகிட்ட சொல்லுங்க, நான் ஓசூர் ரூமுக்கே போறன். மாத்திரை ஆறு வாரம். அதுக்கப்பறமும் நான் அங்க வர்றதா இல்ல."

"மாதேசு, நில்லு."

"என்னா சொல்லப் போறீங்க?"

அவன் காத்திருந்தான். ஒரு மாங்காய் லாரி கடந்து போகும் வரை காத்திருந்தான். பிறகு போய்விட்டான். தாடையில் கைக்குட்டை கட்டியிருக்கவில்லை. எதிரில் வந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

பஸ் நிறுத்தம் வலப்பக்கம். வெங்கடசாமியின் வீடு எனக்குப் பின்னால். அறுபத்தேழு வயதில் முதல் முறையாக, சொன்ன சொல்லை மாற்றுவதற்காக ஒரு வீட்டை நோக்கி நடந்தேன். சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். குறை இருந்தது. நான் மறைத்தேன். பிள்ளைகள் இருவரும் சுத்தம்.

கதவு சாத்தியிருந்தது. தட்டுவதற்குக் கையைத் தூக்கினேன். உள்ளே சிவராஜ் பேசுவது கேட்டது.

"என்னா இருந்தாலும் பெரிய மனுசன்தாண்ணா அவரு. பெத்த பையன் மானம் போவுதுன்னு தெரிஞ்சும் ஒரு பொய் சொல்லல பாத்தியா. வேற ஆளா இருந்தா ஆமா மாட்டுக்குத்தான் இருந்துச்சுன்னு சொல்லிக் காப்பாத்தியிருப்பான்."

"ஆமாம்ப்பா" என்றார் வெங்கடசாமி. "அதனாலதான் அவரு சொன்னதும் நான் நம்பிட்டன். இனிமே அவரே வந்து மாத்திச் சொன்னாலும், பையனுக்காகச் சொல்றாருன்னுதான் நான் எடுத்துக்குவன்."

கை கதவுக்கு ஒரு சாண் இப்பால் நின்றது.